ஜெயந்தாவின் ஒற்றை வசனம்

ஜெயந்தா ஒரு கிழமையாக ஒரே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "சோனோ புரொந்தா." நான் ஆயத்தம் என்று இத்தாலிப் பாஷையில் அர்த்தமாம். பலெர்மோவில் இருக்கும் அவளுடைய பெரியம்மாவின் மகன் பிரசாந்தன் படிப்பித்தது. "புத்தகத்தில கிடக்கிறது வேண்டாம் அக்கா. இஞ்ச வீடுவழிய சனம் இப்பிடித்தான் சொல்லும்," என்றானாம். மீன் செதில் சுரண்டும்போதும் அதுதான், செபமாலை உருட்டும்போதும் அதுதான். மாதாவே ஒருநாள், "சரி பிள்ளை, விளங்கிட்டுது," என்று சொல்லியிருப்பா.

பகிடி விடுகிறேன், ஆனால் பகிடியான விஷயம் இல்லை. என் தம்பி கிறிஸ்தோப்பர்தான் அவளுடைய புருஷன். இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் போய் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். "என்னால வீடு அழியுது, இனிப் போகமாட்டன்," என்று போன இரண்டு தரமும் படுத்துவிட்டான். உடம்பெல்லாம் வீங்கிவிட்டது. ஜெயந்தாவுக்கு இத்தாலியில் வேலை சரிவந்தால் மட்டும் மெஷினுக்குப் போவானாம்.

வேலை, அங்கே ஒரு கிழவியைப் பராமரிப்பது. கிழவியின் மகள் வீடியோவில் ஆளைப் பார்த்துத்தான் முடிவு சொல்லுவா.

பெரிய இடத்துக்கு முகம் காட்டும்போது வெறுங்கழுத்தோடு நிற்கலாமா? எங்கள் ஊரில் நிற்கமாட்டோம். என் பட்டுச்சேலையை உடுத்தி, என் பதக்கச் சங்கிலி, ஆறு காப்பு எல்லாம் நானே போட்டுவிட்டேன்.

"வேண்டாம் மச்சாள்," என்றாள்.

"சும்மா இரும். ஆள் பாதி ஆடை பாதி," என்றேன்.

மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. பிரசாந்தனுக்குப் பக்கத்தில் இருந்த கிழவியின் மகள் ஏதோ கேட்டா. ஜெயந்தா பிசகில்லாமல், "சோனோ புரொந்தா," என்றாள். மனுசி சிரித்தா. பிறகு அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பிரசாந்தனிடம் நெடுநேரம் கதைத்தா.

"அக்கா," என்றான் அவன். "இவ்வளவு நகை போடுற ஆள் இவவின்ர தாயின்ர மலசலம் அள்ளுமோ எண்டு கேக்கிறா."

நான் போனைப் பறித்தேன். "தம்பி, அது என்ர நகை எண்டு சொல்லும். அவளிட்ட ஒரு குண்டுமணிப் பவுனும் இல்லை."

அவன் சொன்னான். மனுசியின் முகம் கறுத்தது. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனா.

"இரவல் நகை போட்டு ஏமாத்துற ஆளைத் தாயோட தனிய விட ஏலாதாம், அக்கா."

"சோனோ புரொந்தா," என்று ஜெயந்தா அந்த வெறுங்கதிரையைப் பார்த்துச் சொன்னாள். இன்னொரு தரமும் சொன்னாள். குரல் உடைந்துபோயிற்று. பிரசாந்தன் தலையைக் குனிந்துகொண்டு அழைப்பைத் துண்டித்தான். என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

"என்னவாம்?" அறைக்குள்ளிருந்து கிறிஸ்தோப்பர் கேட்டான்.

ஜெயந்தா முகத்தைத் துடைத்தாள். "ஓம் எண்டிட்டா. கடதாசி அனுப்புவாவாம்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. வீங்கின காலை இழுத்து இழுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் அறை வாசலுக்கு வந்துவிட்டான்.

"அப்ப நாளைக்கு யாழ்ப்பாணம் போக வானைச் சொல்லும்," என்றான். பட்டும் நகையுமாக நின்ற பெண்சாதியைப் பார்த்து எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தான். "இப்பிடி வடிவா நிண்டா ஆர் வேண்டாம் எண்டுவினம்?"

நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.