தோளுக்கினியான்

ஒரு குளத்தில் முதலை புகுந்தது. அதைப் பிடிக்க வழியறியாத ஊரார், மதகைத் திறந்து நீரை வடித்தார்கள். முதலை சேற்றில் சோர்ந்து கிடந்தது, தாமரையும் கருகியது. தாமரைக்காக ஏங்கிய ஒருவன் யாருக்கும் தெரியாமல் மதகை அடைத்துவிட்டான். நீர் ஏறியதும் முதலில் விழித்துக்கொண்டது தாமரையன்று.

இந்தக் கதையைச் சௌரிராஜனுக்குச் சொல்ல ஆளில்லை. திருவரங்கத்தில் நம்பெருமாளைத் தோளில் சுமந்து வீதிவலம் வரும் ஸ்ரீபாதம் தாங்கிகளில் அவர் மூத்தவர். அவர் சுமந்த பல்லக்குக்குத் தோளுக்கினியான் என்று பெயர். புராஸ்டேட் சுரப்பியில் பிறந்த புற்றுநோய் எலும்பைத் தொட்ட பிறகே அவருக்குத் தெரிய வந்தது.

"இந்த நோய்க்குத் தீனியே உங்க உடம்புல சுரக்கிற ஆண் ஹார்மோன்தான், சாமி. மூணு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டு அதை நிறுத்திடுவோம். நோய் அடங்கும், அழியாது. ஊசியை மட்டும் விட்டுடாதீங்க" என்றார் திருச்சி மருத்துவமனையின் டாக்டர் ரோசரி.

நோய் அடங்கத்தான் செய்தது. ஆனால் ஊசியின் விளைவாக, நின்ற இடத்தில் உடல் அனலாய்க் கொதித்து வியர்த்தது. மார்பு பெண்ணுக்குப் போலத் திரண்டது. மற்றவர்கள் சட்டைக்குள் மறைத்துக்கொள்வார்கள். பெருமாளைச் சுமப்பவருக்கோ மேல்வஸ்திரம் இடுப்பில்தான். மார்பு திறந்தே இருக்க வேண்டும்.

"என்ன மாமா, அக்காரவடிசல் அத்தனையும் நெஞ்சுலயே தங்கிடுத்தா?" என்றான் உடன் சுமக்கும் அபிராம்.

எல்லோரும் சிரித்தார்கள். சௌரிராஜனும் சிரித்தார்.

ஐப்பசியில் ஊசிக்கென்று கிளம்பியவர், சத்திரம் பஸ் நிலையத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பினார்.

"ஏன்னா, ஊசி போட்டுண்டேளா?" என்று மனைவி கோதைநாயகி கேட்டாள்.

"ஆச்சு."

தையிலும் அப்படியே ஆயிற்று. மார்பு வற்றவில்லை, முதுகு வலிக்கத் தொடங்கியது. "சுமக்கிற முதுகு, வலிக்காதா பின்னே?" என்று அவள் தைலம் தேய்த்துவிட்டாள்.

பங்குனித் திருநாள் புறப்பாட்டில், வீதி திரும்பும் இடத்தில் அவருடைய கால்கள் மடிந்தன. அபிராம் பாய்ந்து வந்து தண்டுக்குத் தோள் கொடுத்தான். பல்லக்கு சாயவில்லை.

"நோய் முதுகெலும்புல பரவி நரம்பை அழுத்திடுச்சு. இனி கால் பழையபடி நடக்கிறது கஷ்டம்ங்க" என்ற ரோசரி, ஊசிப் பதிவேட்டைப் பார்த்து, "ரெண்டு தடவையா ஊசிக்கு ஏன் வரலை?" என்று கேட்டார்.

"தவறாம வந்தாரே, டாக்டர்! நானே பஸ் ஏத்தி அனுப்பினேனே" என்றாள் கோதைநாயகி.

ரோசரி பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். கோதைநாயகி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்தபோது, வீட்டுச் சந்துக்குள் ஆம்புலன்ஸ் நுழையவில்லை. நான்கு ஸ்ரீபாதம் தாங்கிகள் ஸ்ட்ரெச்சரைத் தோளில் ஏற்றினார்கள். அபிராம் தலைமாட்டில் நின்றான்.

"அபிராம்."

"சொல்லுங்கோ, மாமா."

"போர்வை நழுவறதுடா. நெஞ்சை மூடு."

அபிராம் ஒரு கையால் போர்வையை இழுத்து அவர் கழுத்துவரை மூடினான். யாரும் சொல்லாமலே நால்வரின் கால்களும் ஒன்றாக எழுந்து ஒன்றாகப் பதிந்தன, புறப்பாட்டு நடையில். படுத்திருந்தவருக்கு அந்த நடை தெரிந்தது. அவருடைய கால்கள் மட்டும் அசையவில்லை.