முன் சீட்டு

அழகி வந்து சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசல்படி தாண்டி ஓடிவந்த தண்ணீரில் பிய்ந்த சாமந்தி இதழ்கள் மிதந்து வந்து அவள் காலில் ஒட்டின. பிணம் எடுத்த வீட்டில்தான் அப்படித் தண்ணீர் ஓடும். அப்பா உடையப்பனைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெற்ற மகள் முகம்கூடப் பார்க்கவில்லை.

அவளுக்கு முதலில் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"திருச்சி ஆஸ்பத்திரின்னாங்களே, அத்தை."

விளக்குமாறும் கையுமாக நின்ற மருதாயி அத்தை நிமிர்ந்து பார்த்தாள். "எந்த ஆஸ்பத்திரி? எங்கண்ணன் கட்டிலை விட்டு எறங்கவே இல்லையே."

காலையில் புதுக்கோட்டை மரவாடிக்கு வந்த போன் அது. அழகியின் புருஷன் மைக்கேல்சாமிக்கு அந்த மரவாடியில்தான் மரம் அறுக்கும் வேலை. குடித்தனமும் அதற்குப் பின்னாலேயே. அவன் ஆவூர் சர்ச்சுக்குப் போயிருந்த நேரம். ஆள் வந்து கூப்பிட, அழகி ஓடிப்போய் எடுத்தாள். போனில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. இரைச்சலுக்கு நடுவே, மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல் ஓர் ஆண்குரல். திருச்சிப் பெரியாஸ்பத்திரியிலிருந்து பேசுவதாகவும், அவள் தகப்பனாரை அங்கே கொண்டுவருவதாகவும், உடனே புறப்பட வேண்டும் என்றும் சொன்னது. "பஸ்ஸுல முன் சீட்டுல உக்காந்து வாங்க. பின்னாடின்னா குலுக்கும்" என்றும் சொன்னது. ஆஸ்பத்திரியில் இப்படியும் ஒரு நல்ல மனுஷனா என்று அந்தப் பதற்றத்திலும் நினைத்துக்கொண்டாள்.

திருச்சியில் கட்டில் கட்டிலாகத் தேடினாள். உடையப்பன் என்று அங்கே யாரும் இல்லை. பயம் பிடித்துக்கொள்ள, வந்த வழியே திரும்பி புதுக்கோட்டை வந்து, பஸ் மாறி அறந்தாங்கி வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ராத்திரி பூரா ஒம் பேரைத்தான் சொல்லிக்கிட்டுக் கெடந்தாரு. போன் போட்டதுக்கு நீ வரமாட்டேன்னுட்டியாம்ல? ஒஞ் சித்தப்பன் மலையாண்டி வந்து சொன்னான். அதைக் கேட்டுட்டு சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவருதான்."

அழகி கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்தாள். அங்கேயும் கழுவியிருந்தார்கள். அவள் வரமாட்டேன் என்று சொன்னதாக நம்பிக்கொண்டே செத்துப்போயிருக்கிறார். அது பொய் என்று இனி யாரிடம் போய்ச் சொல்வது?

அப்போதுதான் அந்தப் பெண்குரல் ஞாபகம் வந்தது. வெளியூர்ப் போன் என்றால் எக்ஸ்சேஞ்சில் இருப்பவர்கள் முதலில் ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பேசவிடுவார்கள். "அறந்தாங்கி பேசுறாங்க" என்றுதான் அந்தப் பெண் சொன்னாள். காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. திருச்சி ஆஸ்பத்திரிக்காரன் அறந்தாங்கிக்கு வந்தா போன் பேசுவான்? இந்த ஊர்த் தபாலாபீசில் நின்றுகொண்டுதான் எவனோ அவளை வடக்கே துரத்திவிட்டிருக்கிறான்.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் குளித்துவிட்டு ஈரவேட்டியோடு திரும்பினார்கள். அவள் நேராகச் சித்தப்பா மலையாண்டியிடம் போய் நின்றாள்.

"போன்ல பேசுனது நீங்கதானே?"

"அந்தக் கருமத்தை நான் கையால தொட்டதுகூட இல்லை" என்றார் அவர். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வேதக்காரனைக் கட்டிக்கொண்டு போனவள் வாசலில் வந்து நின்றால் பாடை தூக்க ஒருத்தரும் வரமாட்டோம் என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் பஸ் ஏற்றிவிடும்படி நாகராசுவிடம் சொன்னார்.

நாகராசு அவளுடைய அண்ணன். கொள்ளி வைப்பதற்காக மழித்த தலை வெளுத்துத் தெரிந்தது. ஊரே ஒதுக்கியபோதும் பொங்கலுக்குப் பொங்கல் கரும்பும் மஞ்சள்கொத்துமாக அவள் வீட்டுப் படியேறியவன் அவன் ஒருத்தன்தான். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது அந்தக் கரும்புக்கட்டு மட்டும்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் சித்தப்பாவைத் திட்டிக்கொண்டே வந்தாள். நாகராசு, "அவருதான் யாரையாச்சும் வச்சுப் பேசியிருப்பாரு. விடு தாயி" என்றான். அந்தத் தாயி என்ற சொல்லில் அவள் உடைந்துபோனாள். அவன் தோளில் சாய்ந்து, அன்று முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். அவன் அசையாமல் நின்றான்.

புதுக்கோட்டை பஸ் புறப்படத் தயாராக நின்றது. அவளை ஏற்றிவிட்டுப் போய், ஒரு எலுமிச்சம்பழத்தோடு திரும்பி வந்தான். சின்ன வயசிலிருந்தே பஸ் ஏறினால் அவளுக்குக் குமட்டும். ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுப் பழத்தைக் கொடுத்தான்.

"முன் சீட்டுலயே உக்காந்துக்க. பின்னாடின்னா குலுக்கும்."

அழகி பழத்தை வாங்கிய கையோடு அவனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கும் புரிந்துவிட்டது. கம்பியைப் பிடித்த கையை எடுக்கத் தோன்றவில்லை.

அவள் பழத்தைச் சீட்டில் வைத்தாள். எழுந்து, மூட்டைகளையும் ஆட்களையும் தாண்டிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கண்டக்டர் முன்னால் இடம் இருக்கிறதே என்றார். இருக்கட்டும் என்றாள்.

பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிப் புறப்பட்டது. எலுமிச்சம்பழம் உருண்டு கீழே விழுந்து, ஆட்களின் கால்களுக்கிடையே எங்கேயோ போயிற்று.