பெரியம்மா உட்கார்ந்தாளா

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் அம்மாவும் பெரியம்மாவும் எங்கள் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். கடைத்தெருவில் புதிதாக வந்திருக்கும் துணிக்கடையில் வேலை செய்யும் பெண்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லையாம் என்று, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், நான்தான் சொன்னேன்.

"எங்க காலத்துல இப்படி விட்டிருப்போமா? இதோ, உன் பெரியம்மா. சூப்பர்வைசரா இருந்துக்கிட்டே எங்களோட உக்காந்தவ" என்றாள் அம்மா.

பெரியம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "நான் உக்காரலடி."

"உக்காந்தே."

"உக்காரலங்கிறேன். எத்தனை வருஷமாடி இதையே சொல்லுவே?"

இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். நடுவில் வெங்காயம் இருந்ததால் யாருடையது நிஜ அழுகை என்று என்னால் சொல்ல முடியவில்லை. செய்த தப்பைச் செய்யவில்லை என்று சாதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்த நல்லதை ஒருத்தி இல்லை என்று சொல்ல, 'செய்தாய்' என்று இன்னொருத்தி மல்லுக்கு நிற்பதை அன்றுதான் பார்த்தேன். அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன். (இந்தக் கதையில் இந்தச் சொல்லை இனி யோசித்துத்தான் போட வேண்டும்.)

2

முதல் தொடக்கம்: 'ஆலையின் புகைபோக்கி வானத்தைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்த காலையில் —'

அடித்துவிட்டேன். அது சட்டை தைக்கும் கம்பெனி. புகைபோக்கி ஏது?

இரண்டாவது தொடக்கம்: 'உழைக்கும் வர்க்கம் கிளர்ந்தெழுந்த —'

இதையும் அடித்தேன். எழுந்தது அல்ல அங்கே நடந்தது. உட்கார்ந்தது. எனக்குத் தெரிந்த ஒரு பத்திரிகை ஆசிரியர், போராட்டக் கதை என்றால் ஒரு சாவாவது வேண்டும் என்பார். அவருக்கு இதை அனுப்பப்போவதில்லை. இதில் யாரும் சாகவில்லை. ஒரு பெயிண்ட் டின் மட்டும் நசுங்கியது.

3

சரி, உள்ளதை உள்ளபடி ஆரம்பிக்கிறேன்.

அம்மாவும் பெரியம்மாவும் ஒரே கம்பெனியில், ஒரே கூடத்தில் வேலை பார்த்தார்கள். தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் பிசிறு நூலை வெட்ட வேண்டும், தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மடித்து அடுக்க வேண்டும். உயரமான மேஜைகள். வேலை முழுக்க நின்றபடிதான். உட்கார்ந்தால் தூக்கம் வரும், தூக்கம் வந்தால் பிசிறு தெரியாது என்பது மேனேஜரின் சித்தாந்தம். சட்டையிலும் முகத்திலும் ஒரு சுருக்கம்கூட இல்லாத அந்த மனிதருக்குப் பெண்கள் வைத்திருந்த பெயர் இஸ்திரி.

பெரியம்மா கெட்டிக்காரி. அவளை அந்த வரிசைக்கு சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அதற்குப் பிறகும் அக்காவும் தங்கையும் மத்தியானம் ஒரே டிபன் கேரியரைத் திறந்துதான் சாப்பிட்டார்கள்.

அப்போது என் தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தான். அம்மாவின் கால் வீங்கி, செருப்பு ஏறவில்லை. ஒருநாள் தாங்க முடியாமல் சட்டை மூட்டையின் மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். "எந்திரி, எந்திரி, ஆள் வர்றான்."

அம்மா எழுந்துவிட்டாள். ஆனால் அன்று மத்தியானம் டிபன் கேரியரில் தன் அடுக்கை மட்டும் கழற்றிக்கொண்டு வேறு மூலைக்குப் போய்விட்டாள்.*

* பெரியம்மாவின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இஸ்திரி பார்த்திருந்தால் அம்மாவின் வேலை போயிருக்கும். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அன்று ஆடியது சதையா, சூப்பர்வைசரா என்பதுதான் அம்மாவின் கேள்வி.

4

அந்தக் கம்பெனியில் சங்கம் கிடையாது. கழிப்பறைக்கு முன்னால் நிற்கும் வரிசைதான் சங்கம். அந்த வரிசையில்தான் எல்லாம் முடிவானது. ஆளுக்கொன்று, உட்கார ஏதாவது வீட்டிலிருந்து எடுத்து வர வேண்டும். டீ இடைவேளை முடிந்து மணி அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்தே வேலை செய்ய வேண்டும்.

கூடவே ஒரு கட்டுப்பாடும் வைத்தார்கள். உட்காரும்போது யாரும் தலையைத் திருப்பக் கூடாது. யார் உட்கார்ந்தாள், யார் நின்றாள் என்று ஒருத்தியும் பார்க்கக் கூடாது.

ஏன் என்று, அந்த வரிசையில் ஒருத்தியாக இருந்த குண்டூசியிடம் கேட்டேன். (அப்போது அவ்வளவு ஒல்லி. இப்போது பெயர்தான் ஒல்லி.) "அவன் வந்து முதல்ல உக்காந்தது யாருன்னுதானே கேப்பான்? எங்களுக்குப் பொய் சொன்னா மூஞ்சியே காட்டிக் குடுத்துரும். அதான் பாக்காமலே இருந்துட்டோம். பாக்கலன்னு சொன்னா அது நிஜம்தானே?"

மறுநாள் காலை முக்காலி, பழப்பெட்டி, காலிப் பெயிண்ட் டின், ஒரு குழந்தை நாற்காலி என்று வாசலைத் தாண்டிப் போயின. காவலாளி கேட்டதற்கு, "ரிப்பேருக்குண்ணே" என்றார்களாம். பெயிண்ட் டின்னுக்கு என்ன ரிப்பேர் என்று அந்த மனிதர் கேட்கவில்லை. அம்மா இரண்டு முக்காலி கொண்டுபோனாள். ஒன்றைத் தன் மேஜைக்கடியில் போட்டாள். இன்னொன்றை, தனக்குப் பின்னால் சூப்பர்வைசர் நிற்கும் இடத்தில், வைத்துவிட்டு வந்தாள்.

மணி அடித்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்ததும் எல்லோரும் காணாமல் போனார்கள்! வீட்டு முக்காலிக்கும் அந்த மேஜைக்கும் பொருத்தமே இல்லை. எதிரே பலகை, தலைக்கு மேலே சட்டைக் குவியல். வருஷக்கணக்கில் நின்றவர்களுக்கு, உட்கார்ந்தால் மேஜை எங்கே இருக்கும் என்று எப்படித் தெரியும்? இஸ்திரி உள்ளே வந்து, "எங்க போனாங்க எல்லாரும்?" என்று கத்தினான். "இங்கதான் சார் இருக்கோம்" என்று மேஜைகளுக்கடியிலிருந்து குரல் வந்தது.

சிரிப்பை அடக்க முடியாமல் யாரோ குலுங்கியதில்தான் அந்தப் பெயிண்ட் டின் நசுங்கியது.

"முதல்ல உக்காந்தது யாரு?" ஒவ்வொரு மேஜையாகக் கேட்டுக்கொண்டு போனான். எல்லோருக்கும் ஒரே பதில், "பாக்கல சார்." கடைசியில் பெரியம்மாவிடம் வந்தான். "சூப்பர்வைசர், நீ சொல்லு." பெரியம்மாவும் சொன்னாள், "பாக்கல சார்."

இதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த 'பாக்கல சார்' நின்றபடி வந்ததா, உட்கார்ந்தபடி வந்ததா என்பதில்தான் சண்டை.

5

(இந்தப் பகுதி கதைக்குத் தேவையில்லை. எனக்குத் தேவை.)

கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். பெண்கள் அவரவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பூட்டிய கேட்டுக்கு முன்னால் ரோட்டோரத்தில் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அங்கே ஓடுவேன். பகல் வெளிச்சத்தில் என் அம்மா சும்மா உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தது அந்த நாட்களில்தான். காலை நீட்டிக்கொண்டு, ஒருத்திக்கு ஒருத்தி தலை வாரிக்கொண்டு, இஸ்திரி மாதிரி நடந்துகாட்டிச் சிரித்துக்கொண்டு. வீட்டில் பெரியவர்கள் முகத்தில் கவலை இருந்திருக்கும்; அடுப்பு எப்படி எரிந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மாவும் பெரியம்மாவும் நடுவில் ஒரே டிபன் கேரியரை வைத்துக்கொண்டு சாப்பிட்டது. எனக்கு இரண்டு பக்கமிருந்தும் ஊட்டினார்கள். அந்த ரோட்டோரம் திரும்ப வேண்டும் என்று இந்த வயதிலும் ஏங்குகிறேன். இப்படி ஏங்குவது சரியில்லை என்றும் தெரியும்.

கடைசியில் கம்பெனி இறங்கிவந்தது. ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். அதுவும் குட்டை! வீம்புக்காக ஒரு வாரம் மேஜையில் தாடையை வைத்துக்கொண்டே வேலை பார்த்தார்களாம். பிறகு தச்சர் வந்து கால் ஒட்டிக்கொடுத்தார். பெரியம்மாவை மட்டும் சூப்பர்வைசர் வேலையிலிருந்து இறக்கி, பிசிறு வெட்ட அனுப்பிவிட்டார்கள்.

6

இரண்டு முடிவு எழுதினேன். போன ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் அவர்களுக்குப் படித்துக் காட்டினேன்.

முடிவு ஒன்று: மணி அடிக்கிறது. பெரியம்மா முக்காலியைப் பார்க்கிறாள். தங்கையின் முதுகைப் பார்க்கிறாள். உட்காருகிறாள்.

"அப்படிச் சொல்லு" என்றாள் அம்மா. "உக்காரலேன்னா ஏன் இவளை இறக்கினான்?"

"நின்னும் ஒண்ணும் கிழிக்கலேன்னு இறக்கினான்" என்றாள் பெரியம்மா.

"நின்னிருந்தா எல்லாரையும் பாத்திருப்பியே? பாக்கலன்னு எப்படிச் சொன்னே?"

"கண்ணை மூடிக்கிட்டு நின்னேன்டி."

முடிவு இரண்டைப் படித்தேன்: முக்காலி காலியாக இருக்கிறது. பெரியம்மா கண்ணை இறுக்க மூடி நின்றுகொண்டிருக்கிறாள். அவள் —

"நிறுத்து" என்றாள் அம்மா.

"படிக்கட்டும்" என்றாள் பெரியம்மா. "எங்க போனாலும் இவ முந்திக்கிட்டு, 'எங்க அக்கா சூப்பர்வைசரா இருந்தும் உக்காந்தவ'ன்னு சொல்லிருவா. கல்யாண வீட்ல எனக்கு நாற்காலி எடுத்துப் போடுவாங்க. ஒவ்வொரு தடவையும் எனக்குக் கூசும். நான் பயந்தேன்னு ஒரு ஆள்கிட்டயாவது சொல்ல விட்டாளா?"

நான் அம்மாவிடம் திரும்பினேன். "நீ பார்த்தியாம்மா?"

அம்மா என் கையிலிருந்த தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "எப்படிப் பாக்கறது? தலையைத் திருப்பக் கூடாதுன்னு பேச்சு" என்றாள்.

"அப்புறம் எப்படிடி உக்காந்தேன்னு சொன்னே?" என்றாள் பெரியம்மா.

"நீ நின்னேன்னு தெரிஞ்சா மறுநாள் எப்படிக்கா உன்னோட சாப்பிட்டிருப்பேன்? அதான் உக்கார வச்சேன்."

7

கதை எழுதுகிறவளின் வேலையே தலையைத் திருப்பிப் பார்ப்பதுதான். ஆனால் அந்தக் கூடத்தில் பார்க்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தவர்களில் ஒருத்தி என்னைப் பெற்றவள். அதனால் என்னால் முடியாது. பெரியம்மா சொன்னதைக் கேட்டேன், நம்பவும் செய்கிறேன், இருந்தாலும் எழுத்தில் அவளை நிற்க வைக்கக் கை வரவில்லை.

நீங்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. மணி அடித்துவிட்டது. அம்மாவின் மேஜைக்குப் பின்னால்தான் அந்த இடம். வேண்டுமானால் திரும்பிப் பாருங்கள்.

என்ன தெரிந்தாலும் என்னிடம் சொல்ல வேண்டாம், அம்மாவிடம் நிச்சயமாகச் சொல்ல வேண்டாம். பெரியம்மாவிடம் மட்டும், பார்த்தேன் என்று சொல்லுங்கள். யாராவது ஒருவர் தன்னைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்பது.