ஓ வகைக்காரன்

எனக்குச் சர்க்கரை நோய் வந்து பதினோரு வருடம் ஆகிறது. என் பெயர் டோட்சே. ஹோ நகரத்து வேன் ஸ்டேஷனிலிருந்து மலைமேல் இருக்கும் அமெட்ஸோஃபேக்கு வேன் ஓட்டுகிறேன். இன்றைக்கும் ஓட்டுகிறேன் என்று சொல்ல முடிவது ஒருத்தி செய்த புண்ணியம்.

அவள் பெயர் அகோர்ஃபா. ஸ்டேஷனில் என் வேன் நிற்கும் இடத்துக்கு எதிரே, பெரிய அலுமினியத் தாம்பாளத்தில் புகை போட்ட மீனை அடுக்கி வைத்து விற்பவள். என்னைவிட ஆறு வயது மூத்தவள் என்பதால் டாவி என்று கூப்பிடுவேன், அக்கா முறை. அவளுக்கும் சர்க்கரை உண்டு. செவ்வாய்க்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்காரர்களுக்கான நாள். வெறும் வயிற்றோடு விடியற்காலையில் போய் பெஞ்சில் இடம் பிடிப்போம். பசியில் எங்களுக்குள் வாய்ச்சண்டைதான் பொழுதுபோக்கு.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பல்கலைக்கழகத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். சர்க்கரைக்காரர்களில் எந்த ரத்த வகைக்காரர்களுக்கு இதய நோய் அதிகம் வருகிறது என்று ஆராயப் போகிறார்களாம். சம்மதித்தவர்கள் கையெழுத்துப் போட்டோம். ரத்தம் எடுத்தார்கள். ரத்தக் கொழுப்பு, இதயத் துடிப்பு எல்லாம் பார்த்தார்கள். அடுத்த மாதம் ஆளுக்கொரு சீட்டில் ரத்த வகையை எழுதிக் கொடுத்தார்கள். என் சீட்டில் ஓ. டாவியின் சீட்டில் பி.

எங்கள் நர்ஸ் ப்ரோஸ்பர் பெஞ்சுகளுக்கு நடுவில் நின்று விளக்கினான். "சில ஊர்ல ஓ வகைக்காரங்களுக்கு இதய நோய் கொஞ்சம் கம்மின்னு தெரிஞ்சிருக்கு. சில ஊர்ல அப்படி எதுவும் தெரியல. நம்ம ஊர்ல எப்படின்னுதான் இப்பப் பாக்கறாங்க. அதுக்குள்ள யாரும் குதிக்கவும் வேணாம், பயப்படவும் வேணாம்."

நான் முதல் வரியை மட்டும் காதில் போட்டுக்கொண்டேன்.

"டாவி, உன் சாவுக்கு என் வேன்தான். ஒரு காசு வாங்க மாட்டேன்," என்றேன். "கறுப்புத் துணி இப்பவே எடுத்து வெச்சுக்கறேன்."

"உன் வாயில மொளகாய அரைச்சுத் தேய்க்க!" என்றாள். பெஞ்சே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. சீட்டை நாலாக மடித்து இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டாள்.

அவளுடைய அப்பா இதயம் நின்று செத்தவர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அதற்குப் பிறகு அவள் ப்ரோஸ்பரை விடவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் அவன் பின்னாலேயே போனாள். ரத்த வகையை மாற்ற முடியாது, மற்றதையெல்லாம் மாற்றலாம் என்று அவன் சொன்னான். உப்பைக் குறை, நட, மாத்திரையை விடாதே, ரத்த அழுத்தம் பார். இதயம் தடுமாறினால் உடம்பு என்னென்ன அடையாளம் காட்டும் என்பதையும் கேட்டு, சர்ச்சில் பாட்டு மனப்பாடம் செய்வதுபோல் அவனிடமே ஒப்பித்துக் காட்டினாள்.

நானோ மாத்திரையை நினைத்தபோது போட்டேன். இரண்டு செவ்வாய்க்கிழமைகள் போகவே இல்லை. யாவா, என் மனைவி, கேட்டால், "நான் ஓ. உனக்கு எதுக்குக் கவலை?" என்பேன். போதாக்குறைக்கு, வேனின் பின்கண்ணாடியில் பெரிதாக ஒரு ஓ எழுதி வைக்கச் சொன்னேன். பெயிண்டர் ஏன் என்று கேட்டதற்கு, நீண்ட ஆயுளுக்கு என்றேன்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. ஹார்மட்டான் என்கிற வறண்ட காற்று வீச ஆரம்பித்திருந்தது. வானமெல்லாம் புழுதி, ஊரில் எல்லோருக்கும் உதடு வெடித்திருந்தது. காலை ஒன்பது மணிக்கு வேன் நிறைந்துவிட்டது. பதினாலு பேர், எல்லோரும் கறுப்பும் சிவப்பும் உடுத்தி மலைமேல் ஒரு சாவுக்குப் போகிறவர்கள். பிணத்தை எடுப்பதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள்.

நான் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். மலை ஏறியவன்போல் மூச்சு வாங்கியது. வயிற்றைப் புரட்டியது. கழுத்திலிருந்து முதுகு வரை வேர்த்து ஊற்றியது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேன்.

எதிரிலிருந்து டாவி பார்த்துக்கொண்டிருந்தாள். மீனை விட்டு எழுந்து ஜன்னலோரம் வந்தாள்.

"ஏன்டா இப்படி வேர்க்குது உனக்கு?"

"வேலை செய்யறவனுக்கு வேர்க்கும். உக்காந்து மீன் விக்கறவளுக்கு என்ன தெரியும்?"

"ஊரே காஞ்சு கெடக்கு. உன் மேல மட்டும் மழையா? மூச்சு வாங்குதா?"

"கொஞ்சம்."

"வாந்தி வர்ற மாதிரி இருக்கா?"

"ராத்திரி சாப்ட்ட நண்டு ஒத்துக்கல."

"நெஞ்சு வலிக்குதா?"

"வலியே இல்ல, போதுமா? வழிய விடு டாவி."

அவள் முகம் மாறியது. "ரொம்ப வருஷமா சர்க்கரை இருக்கறவங்களுக்கு நரம்பு மரத்துப்போயிடுமாம். மாரடைப்பு வலியே இல்லாம வருமாம். ப்ரோஸ்பர் சொன்னான்."

"அது பி வகைக்கு. நான் ஓ!"

சொல்லி முடிப்பதற்குள் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கினாள். நாலே எட்டில் தன் தாம்பாளத்துக்குப் போய் மீன் குவியலுக்குள் அதைப் புதைத்தாள்.

வண்டிக்குள் கூச்சல் எழுந்தது. "ஏம்மா, பைத்தியமா உனக்கு? அங்க பிணம் காத்துக்கெடக்கு!" என்று ஒரு பெரியவர் கத்தினார்.

"காத்திருக்கட்டும், அதுக்கு என்ன அவசரம்?" என்று டாவி திருப்பிக் கத்தினாள். "இவன் உசுரோட இருக்கறவன், இவனால காத்திருக்க முடியாது!"

அவளைத் திட்டுவதற்காகத்தான் இறங்கினேன். கால் தரையில் பட்டதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. என் அக்குளில் தோளைக் கொடுத்துத் தாங்கியது அவள்தான். டாக்சியைக் கை தட்டி நிறுத்தியதும் அவள்தான். மீன் தாம்பாளம் அப்படியே திறந்து கிடந்தது. வழியெல்லாம் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பேசுடா, பேசிக்கிட்டே இரு. என்னைத் திட்டு," என்றாள். என் வாயில் வசவு வரவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில், வரிசையில் நின்றவர்களைத் தாண்டிக்கொண்டு, "சர்க்கரைக்காரன், வேர்க்குது, மூச்சு வாங்குது, வலி இல்ல!" என்று கடகடவென்று ஒப்பித்தாள். டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். வேறு கேள்வி கேட்காமல் என் நெஞ்சில் வயர்களை ஒட்டினாள். வெளியே வந்த காகிதத்தைப் பார்த்தாள். உடனே ஒரு மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னார்கள், கையில் ஊசி ஏறியது. மாரடைப்பு என்ற சொல் அரைகுறையாகக் காதில் விழுந்தது.

ஒன்பது நாள் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் ப்ரோஸ்பர் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தான்.

"அண்ணே, ரத்த வகைங்கறது ஆயிரக்கணக்கான பேரைச் சேத்துப் பாத்தாத் தெரியற ஒரு சின்ன வித்தியாசம். ஒருத்தரோட தலையெழுத்து அதுல இல்ல. நீங்க மாத்திரைய விட்டீங்க பாருங்க, அதுதான் பெரிய வித்தியாசம்."

"நீ அன்னைக்கே சொன்னே," என்றேன்.

"சொன்னேன். கேட்டது டாவிதான்."

ஐந்தாம் நாள் அன்றைக்கு வேனிலிருந்து கத்திய பெரியவர், ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். அவர் உட்காரவில்லை. "அமெட்ஸோஃபே போற வழியில எத்தனை வளைவுன்னு உனக்கே தெரியும்," என்று மட்டும் சொன்னார். எனக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவுக்கும் கீழே என்ன பள்ளம் இருக்கிறது என்பதும் தெரியும். பதினாலு பேர். அதில் இரண்டு பேர் கைக்குழந்தையோடு இருந்த பெண்கள். அவர் போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு வந்த முதல் ஞாயிறு காலை, சர்ச்சுக்குப் போகும் முன், டாவி வீட்டுக்கு நன்றி சொல்லப் போனோம். நான், யாவா, எங்களுக்காகப் பேச என் மாமா. எங்கள் வழக்கப்படி ஆறு கெஜம் புதுத் துணியும் ஒரு பாட்டில் ஜின்னும் எடுத்துப் போயிருந்தோம். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தோம். மாமா எழுந்து, எங்கள் குலம் எப்போது இந்தப் பக்கம் குடிவந்தது என்பதிலிருந்து ஆரம்பித்தார். என் சாவி மீனுக்குள் போன இடத்துக்கு அவர் வந்து சேர்வதற்குள் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து, டாவி முன்னால் குனிந்து நின்றேன். தயார் செய்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

"டேய், அழாத. உன் கண்ணீருக்கு எறும்பு வரும்," என்றாள் டாவி.

வீடே சிரித்தது. இந்த முறை அவளும் சிரித்தாள். பிறகு துணியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னாள். "நானும் உனக்கு நன்றி சொல்லணும் தம்பி. அன்னைக்கு நீ சாவுன்னு கேலி பண்ணப்போ எனக்கு எங்கப்பா முகம் வந்து நின்னுச்சு. அந்த பயத்துலதான் நர்ஸ் பின்னாலயே போய் எல்லாத்தையும் கத்துக்கிட்டேன். எனக்காகக் கத்துக்கிட்டது. உனக்கு உதவுச்சு. கடவுள் கணக்கு அப்படி."

"அப்போ கேலிய நிறுத்த வேணாமா?" என்றேன்.

"நிறுத்தினே, துணியத் திருப்பிக் குடுத்துடுவேன்."

மூன்று மாதம் கழித்து டாக்டர் ஓட்டலாம் என்றாள். முதல் நாள் விடியலில் யாருக்கும் சொல்லாமல் வேனை டாவியின் வீட்டு வாசலில் நிறுத்தினேன். ஏரிக்கரைக்கு அவள் மீன் எடுக்கப் போகிற நாள் அது. அவள் காலிக் கூடைகளைப் பின்னால் ஏற்றிவிட்டு முன்னிருக்கையில் வந்து உட்கார்ந்தாள். மாத்திரை போட்டாயா என்று கேட்டாள். போட்டேன் என்றேன். நீ போட்டாயா என்று கேட்டேன். போட்டேன் என்றாள். மலைக்குப் பின்னாலிருந்து வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலை இறக்கிவிட்டு, சர்ச் பாட்டு ஒன்றைத் தப்புத் தப்பாகப் பாட ஆரம்பித்தாள். நானும் சேர்ந்துகொண்டேன்.