ஏழாவது கம்பத்து அலாரம்

பூட்ஸோட லேஸ் முடிச்சு அவிழவே மாட்டேங்குது. டெய்லருக்கு நாப்பது வருஷமா நூலோடதான் பொழப்பு. ஆனா இன்னிக்குப் பொண்டாட்டி காலுக்கிட்ட குனிஞ்சு நிக்கறப்ப, விரல் பத்தும் பத்து பக்கம் போகுது. நர்ஸ் கத்திரிக்கோலை நீட்டினா.

"வெட்டிடுங்க சார்."

"வெட்டினா திட்டுவாம்மா."

"ஆமா, திட்டுவேன்"னு கட்டில்ல இருந்து சத்தம். நெஞ்சு முழுக்க ஒயரு, மூக்குல குழாய், முகம் சாம்பலா வெளுத்துக் கிடக்கு. வாய் மட்டும் எப்பவும் போல. "டெய்லரே, இன்னும் ரெண்டு கம்பம் டெஸ்ட் பண்ணப் பாக்கி இருக்கு. அதுக்குள்ள எவனாச்சும் வேலை முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டு வாங்கிடப் போறான்."

"இன்ஜினியரம்மா, உன் நெஞ்சே அலாரம் அடிச்சிட்டிருக்கு. மொதல்ல அதைக் கவனி."

சிரிச்சா. உள்ள கூட்டிட்டுப் போனாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு டாக்டர் வெளிய வந்தப்ப, டெய்லர் கையில அந்தப் பூட்ஸ் இருந்துச்சு. முடிச்சை அவிழ்த்திருந்தார்.

டாக்டர் எல்லாம் பொறுமையாத்தான் சொன்னார். கடைசியில, பேப்பர்ல எழுதறதுக்காக ஒண்ணு கேட்டார். "விழுந்து எவ்வளவு நேரம் தரையில கிடந்தாங்க, தெரியுமா?"

தெரியல. அவகிட்டயே கேட்டிருக்கலாம். உள்ள போற வரைக்கும் எதிர்லதானே இருந்தா, பூட்ஸ் பத்தித்தானே பேசினோம்! அந்தக் கேள்வி அப்படியே டெய்லர் நெஞ்சுல ஊசியா நின்னுடுச்சு. மகள் வந்தா, சொந்தக்காரங்க வந்தாங்க, மறுநாள் காலையில சுடுகாட்டுல எல்லாம் முடிஞ்சு வீடு திரும்பினாங்க. ஊசி மட்டும் அங்கயே இருக்கு. அத்துவானத்துல, இடுப்பளவு புல்லுக்குள்ள, தனியா எவ்வளவு நேரம் கிடந்தாளோ?

அவ வேலை அப்படி. ஊருக்கு வெளிய பெட்ரோல் டேங்க்கெல்லாம் வரிசையா நிக்கற பெரிய வளாகம். சுத்தி வர நடந்தாலே ஒரு மணி நேரம் ஆகும். முன்னாடி அங்க வேலிக் கம்பியில அலாரம் கட்டியிருந்தாங்க. காக்கா உக்காந்தா அடிக்கும், காத்து அடிச்சா அடிக்கும். வாட்ச்மேன்க வெறுத்துப் போய் மணிக்குள்ள பழைய பனியனைச் சுருட்டி அடைச்சு வெச்சிருந்தாங்க. இவ போன அன்னிக்கே அந்தப் பனியனை உருவிட்டு வீட்டுக்கு வந்து சிரிச்ச சிரிப்பு இருக்கே!

அப்புறம் வேலியோரமா கம்பம் கம்பமா ராடாரைக் கொண்டு வந்து நிறுத்தினா. தரையில யார் நடந்தாலும் கன்ட்ரோல் ரூம் திரையில ஒரு புள்ளியா தெரியும். அந்தப் புள்ளியை அலாரத்தோட கோத்து விட்டா. புள்ளி வேலிகிட்ட வந்தா அலாரம், கேமராவும் அந்தப் பக்கம் திரும்பும். காக்காவுக்கு அடிக்காது, ஆளுக்கு அடிக்கும். சொல்றதுக்கு ரெண்டு வரி, பண்றதுக்கு ஏழு மாசம். அம்பத்தாறு வயசுல அவளே திருடன் மாதிரி அந்த வேலிகிட்ட ஊர்ந்தா, தவழ்ந்தா, ஓடினா, குடை பிடிச்சுக்கிட்டு நடந்தா. பேன்ட் முட்டி தேஞ்சு தேஞ்சு, டெய்லர் அதுக்கு ஒட்டு போட்டே ஓஞ்சு போனார். "எவன்டி உன்னை முட்டி போட வெச்சது?"ன்னு கேப்பார். "திருடன்யா, இன்னும் வராத திருடன்"னுவா. வேற யாரு இப்படி வேலை பாப்பாங்க, சொல்லுங்க?

மத்தியானம் வளாகத்துல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் கன்ட்ரோல் ரூம்காரர், சோடாபுட்டிக் கண்ணாடி. இன்னொருத்தன் வாட்ச்மேன் நெட்டை. கண்ணாடி உக்காரவே மாட்டேன்னுட்டார்.

"சார், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அலாரத்தை மூடத்தான் பாத்தேன்."

"புரியற மாதிரி சொல்லுப்பா."

"ராடாருக்கு அசையறதுதான் சார் தெரியும். அசையாம கிடந்தா புள்ளி மறைஞ்சிடும். மேடம் வேலிகிட்ட வந்ததும் அலாரம் அடிச்சுது, அப்புறம் ஏழாவது கம்பத்துகிட்ட புள்ளி மறைஞ்சுது. கேமராவுல வெறும் புல்லு. சரி, உக்காந்து தண்ணி குடிக்கறாங்கன்னு நெனச்சு மூடு பட்டனை அழுத்தினேன். ரெண்டு தடவை அழுத்தினேன் சார். மூடல."

"ஏன் மூடல?"

"மேடம் பண்ணி வெச்சது. புள்ளி தானா மறைஞ்சா, ஒரு ஆள் அந்தக் கம்பத்துக்கே போய்க் கண்ணால பாத்துட்டு அங்க இருக்கற பொத்தானை அழுத்தணும். அப்பதான் அலாரம் மூடும். வேணாம் மேடம், தொல்லைன்னு நாங்க எவ்வளவோ சண்டை போட்டோம். 'புள்ளி காணோம்னா ஆள் போயிட்டான்னா அர்த்தம்? படுத்துக் கிடப்பான்யா!'ன்னுட்டாங்க."

"வாக்கி டாக்கியில கூப்பிடலயா?"

"டெஸ்ட் பண்றப்ப அணைச்சு வெச்சிடுவாங்க சார். திருடன் என்ன, சொல்லிட்டா வருவான்னு கேப்பாங்க."

நெட்டை தரையைப் பாத்துக்கிட்டே சொன்னான். "நான் திட்டிக்கிட்டேதான் சைக்கிளை எடுத்தேன். போனா... கிடந்தாங்க. முழிப்பு இருந்துச்சு. நான் அய்யோன்னு கத்தறேன், அவங்க 'மொதல்ல பொத்தானை அழுத்துய்யா'ன்னாங்க."

மகள் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. அழுகையா சிரிப்பான்னு தெரியல.

"எவ்வளவு நேரத்துல போனே?"ன்னு கேட்டார் டெய்லர்.

"மூணு நிமிஷம் சார்"னார் கண்ணாடி, சட்டுனு. "கம்ப்யூட்டர்லயே பதிவாகியிருக்கு."

டெய்லர் தலையாட்டினார். மூணு நிமிஷம். துக்க வீட்டுல வேற என்ன சொல்லுவாங்க? ரெண்டு நாள்ல ரெடின்னு அவரே எத்தனை பேர்கிட்ட சிரிச்ச முகத்தோட சொல்லியிருக்கார்!

"அந்த இடத்தை நான் பாக்கணும்"னார்.

அவங்க வண்டியிலயே போனாங்க. நெட்டை கேட்லயே இறங்கிக்கிட்டான், அவன் வேலை நேரம். கண்ணாடி பின்பக்கம் வரைக்கும் கூட வந்தார். "நான் கொஞ்சம் தனியா போயிட்டு வரேன்"னார் டெய்லர். கண்ணாடி சரின்னுட்டுக் கன்ட்ரோல் ரூமுக்குப் போயிட்டார்.

ஏழாவது கம்பத்துகிட்ட புல்லு ஒரு ஆள் நீளத்துக்கு மடிஞ்சு கிடந்துச்சு. டெய்லர் செருப்பைக் கழட்டிட்டு, அது பக்கத்துல உக்காந்தார். கையை மடியில வெச்சுக்கிட்டார். எதையும் அசைக்கல. மூணு நிமிஷம்னா நூத்தி எண்பது. மெதுவா, செகண்டுக்கு ஒண்ணா எண்ண ஆரம்பிச்சார்.

அம்பது வந்துச்சு. வெயில் கழுத்துல சுட்டுச்சு. நூறு. ஒரு எறும்பு விரல் மேல ஏறுச்சு, தட்டி விடல. புல்லு மட்டும்தான் சத்தம் போட்டுச்சு. யாரும் வர்ற மாதிரி இல்ல. நூத்திருபது. வாய் வறண்டு போச்சு, ஆனா எண்ணறதை விடல.

நூத்தி அறுபத்தி நாலுல சைக்கிள் செயின் சத்தம் கேட்டுச்சு. அது நிக்கறதுக்கு முன்னாடியே நெட்டை குதிச்சு, புல்லை விலக்கிக்கிட்டு ஓடி வந்தான். டெய்லரைப் பாத்ததும் நின்னான்.

நெட்டை கம்பத்துகிட்ட போய்ப் பொத்தானை அழுத்தினான். திரும்பி வந்து, தொப்பியைக் கழட்டிட்டு, டெய்லர் பக்கத்துல உக்காந்தான். அவனுக்கு இன்னும் மூச்சு வாங்கிட்டிருந்துச்சு.