வலது வேண்டாம்

“மாமா! மேல ஆன்டெனா சுத்துது!”

அக்கா மகளின் குரல் வெளியிலிருந்து வந்தபோது தம்பி கையில் தேநீர்த் தட்டுடன் கூடத்து வாசலில் நின்றிருந்தான். சுற்றுவதற்கு நியாயமே இல்லை. அதைச் சுற்றவைக்கும் ஒரே ஆளான அக்கா கூடத்தின் நடுவில், மூக்குக் கண்ணாடி இல்லாத முகத்தோடு, கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தாள்.

தட்டை யாரிடமோ திணித்துவிட்டு ஓடினான். வீட்டின் பக்கவாட்டில் நாற்பதடி இரும்புக் கோபுரம். அதன் உச்சியில் மீன்முள் போலக் குழாய்கள் நீட்டிய ஆன்டெனா, துக்கம் கேட்க வந்தவர்களை ஒவ்வொருவராகக் கணக்கெடுப்பதுபோல நிதானமாக வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் செருப்பை மாட்ட நேரமில்லாமல் கையில் எடுத்துக்கொண்டு வாசல் கேட் வரைக்கும் போய்விட்டாள்.

“அவதான் சுத்துறா,” என்றாள் அங்கிருந்து. “உசுரோட இருந்தப்ப மட்டும் சும்மா இருந்தாளா?”

அப்போதுதான் தம்பிக்கு அந்த அட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது. காகிதக் கோப்பைகள் நிறைந்த பெட்டி. சற்றுமுன், கூடத்தில் கால் வைக்க இடமில்லையே என்று அதைத் தூக்கிக்கொண்டு போய் அக்காவின் ரேடியோ அறையில், மேசைமேல் இருந்த ஏதோ ஒரு பெட்டிக்கு மேலே வைத்திருந்தான். அந்த ஏதோ ஒரு பெட்டிதான் ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டி. அதன் தலையில் இரண்டு பொத்தான்கள், இடது ஒன்று, வலது ஒன்று. அழுத்தியிருக்கும்வரை மோட்டார் ஓடும்; அட்டைப்பெட்டி உட்கார்ந்தது வலதின் மேல். நேற்று காலை அக்கா போட்டுவிட்டுப் போன சின்ன விளக்கு அதில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அவன் போய் அட்டைப்பெட்டியைத் தூக்குவதற்குள் மேலே ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டுவிட்டது. பெட்டிக்கு அடியில் வலது பொத்தானின் மேல் சிவப்பு டேப் ஒட்டி, அக்காவின் கையெழுத்தில் எழுதியிருந்தது: ‘ஞாயிறு வரை வலது வேண்டாம். முக்கியமா தம்பி.’

ஐம்பது வயதைத் தாண்டியும் அவன் எல்லோருக்கும் தம்பிதான். அந்தப் பெயரோடு ‘முக்கியமா’ என்ற சொல் சேர்ந்து வந்தது இதுதான் முதல் தடவை.

வெளியே அக்காவின் ரேடியோ நண்பரான பல் டாக்டர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் கோபுரமும் அக்கா நட்டதுதான். சொத்தைப் பல்லைப் பார்க்கிற முகத்தோடு சொன்னார்: “பிடுங்கிக்கிச்சு.”

பிடுங்கிக்கொண்டது ஆன்டெனாவை ரேடியோவோடு இணைக்கும் கேபிள். போன வாரம் அக்கா அந்த மோட்டாரைக் கழற்றி இறக்கி, பழைய கிரீசைச் சுரண்டி எடுத்து, புது கிரீஸ் அடைத்து மறுபடி ஏற்றியிருந்தாள். மோட்டாரைச் சுற்றித் தொளதொளவென்று விட வேண்டிய கேபிள் வளையத்துக்குப் பதிலாக, தற்காலிகமாக, வலப்பக்கம் திரும்பினால் எட்டாத ஒரு குட்டையான துண்டை மாட்டியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஏறி நீளமானதை மாட்டுவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். கையிலிருந்த தேநீர்கூடச் சிந்தவில்லை. மேலே ஏறுகிறவள் எதையும் கீழே போடக் கூடாது என்பது அவள் சட்டம்.

“நாலு மணிக்கு எல்லாரும் லைன்ல வருவாங்களே அங்கிள்,” என்றாள் அக்கா மகள்.

டாக்டர் தலையைச் சொறிந்தார். ஏற்பாடு அவருடையது. ஹாம் ரேடியோவில், வீட்டிலிருந்தே ஊர் ஊராகப் பேசும் பொழுதுபோக்கில், அக்காவோடு பேசிக்கொண்டிருந்தவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். கோபுரம் ஏறுகிறவள் என்பதால் அவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘மேல்மாடி’. மேல்மாடி காலியா என்று கேட்டால் அக்காவே முதலில் சிரிப்பாள். நாலு மணிக்கு அவர்கள் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லி விடைகொடுப்பதாக இருந்தது. ஐந்து மணிக்கு வண்டி வந்துவிடும்.

“சார், என் வீட்டுக்கு வந்து கேளுங்க,” என்றார் டாக்டர், அத்தானிடம். “இல்லாட்டி நான் ரெக்கார்ட் பண்ணிக் கொண்டுவந்து தரேன்.”

அத்தான் சுவரோரம் நின்றிருந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருஷம் இழப்பீட்டு மனுக்களைப் பார்த்தவர். யாருக்கும் எதற்கும் ஆமாம், இல்லை என்று சொல்லிவிடாமல் இருப்பதே அங்கே அவர் வேலை. ஓய்வுபெற்ற பிறகும் அந்த வேலையை மட்டும் விடவில்லை. சாப்பிட்டீர்களா என்றால் மணி என்ன என்பார்.

“அவ இங்க இருக்கா,” என்றார் இப்போது. “நான் அங்க வந்து யாரோட உக்காந்து கேக்குறது?”

அவர் உள்ளே போய் அக்காவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியை அவர் காலையிலேயே ரேடியோ அறைக் கதவுக்கு நேராக நகர்த்தி வைத்திருந்ததைத் தம்பி அப்போதுதான் கவனித்தான். இரண்டு பேருக்கும் கேட்க வேண்டும் என்று.

இருபத்தைந்து வருஷம் தம்பி அக்காவுக்குக் கயிறு பிடித்தவன். கோபுர உச்சியில் ஒரு கப்பி. அதன்மேல் ஓடும் கயிற்றின் ஒரு முனை அக்காவின் இடுப்புப் பட்டையில், மறுமுனை தரையில் இவன் கையில். அவள் ஏற ஏற இவன் கயிற்றின் தொய்வை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். மாடாவது கீழே நிற்கும்.

அக்கா வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். ஏறுவதற்கு முன் கோபுரத்தின் மூன்று கால்களையும் ஸ்பேனரால் தட்டிக் காது கொடுப்பாள். உள்ளே துரு தின்றிருந்தால் சத்தம் செத்துப்போயிருக்குமாம். மோட்டார் பெட்டியின் ஃபியூசைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாள். மேலே ஆள் இருக்கும்போது கீழே எவனாவது பொத்தானை அமுக்கினால் என்ன ஆவது? மேலே போனதும் ஆன்டெனாவை இரண்டு கையாலும் பிடித்து ஒரு உலுக்கு உலுக்குவாள், வம்புக்காரப் பிள்ளையைத் தோளைப் பிடித்து உலுக்குவதுபோல. புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் எல்லார் வீட்டு ஆன்டெனாவும் தலை திரும்பிக் கிடக்கும்போது எல்லாரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். புது வாடிக்கையாளர்கள் மட்டும் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஆம்பளை யாரும் வரலையாம்மா?” என்பார்கள்.

“வந்திருக்காரே,” என்று அக்கா தம்பியைக் காட்டுவாள். “கீழ நிப்பாரு.”

அவள் ஏறியதில் ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை. பெருமையாகத்தான் இருக்கும். ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அவன் கேட்பான்: “இந்தத் தடவை நான் ஏறட்டுமாக்கா?” அவளிடம் பதில் தயாராக இருக்கும். “கோபுரத்துக்கு கான்கிரீட் பத்தாதுடா.” அல்லது, “மேல போய் உனக்கு யாரைப் பாக்கணும்?” தன்னை அவள் எதற்கும் லாயக்கில்லாதவன் என்று நினைத்தாள் என்பதில் தம்பிக்குச் சந்தேகம் இருந்ததில்லை. இன்று சிவப்பு டேப்பில் எழுத்திலும் கிடைத்துவிட்டது.

அத்தானிடம் போய் நின்றான். “அத்தான், அக்கா என்னை ஏன் ஒரு தடவைகூட மேல விடல?”

“இப்ப எதுக்கு அது?”

“நான் ஏறி மாட்டிட்டு வரேன். புது கேபிள் ரெண்டு முனையும் கனெக்டர் போட்டு ரெடியா ஆணியில தொங்குது. திருகி எடுக்கணும், திருகி மாட்டணும். அவ்வளவுதான்.”

“மாமா, வேண்டாம்,” என்றாள் அக்கா மகள். “ஸ்டூல்ல ஏறி பல்பு மாத்தவே உங்களுக்குத் தலை சுத்தும்.”

“பட்டை உனக்குப் பத்துமா?” என்றார் அத்தான்.

கடைசி ஓட்டைக்கு வயிற்றை எக்கியபோது மாட்டியது. ஃபியூசைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மூன்று கால்களையும் ஸ்பேனரால் தட்டினான். சத்தத்தில் என்ன கேட்க வேண்டும் என்று தெரியாவிட்டாலும், தட்டாமல் ஏறினால் உள்ளேயிருந்து அவள் எழுந்து வந்து திட்டுவாள் என்று தோன்றியது. டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு கயிற்றை எடுத்தார். அத்தான் வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட அக்கா ஏறும் இடத்துக்கு வந்து நின்றதில்லை.

“உங்களுக்குப் பிடிக்கத் தெரியுமா அத்தான்?”

“விடாம இருந்தாப் போதுமில்ல?”

முதல் பத்தடி கௌரவத்தால் ஏறினான். அடுத்த பத்தடி, கீழே நிற்பவர்கள் பார்க்கிறார்களே என்பதால். அதற்குமேல் இறங்கவும் பயமாக இருந்ததால் ஏறினான். இரண்டு கொக்கியில் ஒன்று எப்போதும் கம்பியில் மாட்டியிருக்க வேண்டும் என்று கீழே நின்று ஆயிரம் தடவை கேட்டிருக்கிறான். இப்போது அதைத் தன் வாயாலேயே சத்தமாகச் சொல்லிக்கொண்டான். கொக்கி கம்பியில் பட்டுக் கிணுகிணுத்தது. கால் கூசியது. கன்னத்தை இரும்பில் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். இரும்பு வெயிலில் சுட்டது. அதுவும் ஒருவகையில் ஆறுதலாக இருந்தது.

மேலே மோட்டார் உட்கார்ந்திருந்த தட்டில் அக்காவின் சின்னத் துணிப்பை தொங்கியது. உள்ளே கட்டுவதற்கான பிளாஸ்டிக் நாடாக்கள், டேப் சுருள், துடைக்க ஒரு துணி. ஞாயிற்றுக்கிழமைக்காக விட்டுவிட்டுப் போயிருந்தாள். மோட்டாரின் ஒவ்வொரு போல்ட்டிலும் நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு. எல்லாவற்றிலும் ஒரே அளவு கிரீஸ், விரலால் வழித்து விட்டது. அவள் விரலின் வரி ஒன்றில் அப்படியே பதிந்திருந்தது. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த இடத்தில் இவ்வளவு சுத்தம். அந்த போல்ட்டைத் தொடாமல் கையைச் சுற்றிக் கொண்டுபோய், அறுந்து நின்ற துண்டைத் திருகி எடுத்தான், புதியதை மாட்டினான், வளையத்தைத் தளர்வாக விட்டுக் கட்டினான். நாடாவின் நறுக்கிய நுனியைக்கூடக் கீழே போடாமல் பையில் போட்டுக்கொண்டான்.

பிறகுதான் கீழே பார்த்தான். பார்க்கக் கூடாது என்பார்கள், அதனால்தான் பார்த்தான்.

நாற்காலிகள், தலைகள், தெரு. டாக்டர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் திரும்பி வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கயிற்றின் முனையில் ஒரே ஒரு முகம் மட்டும் வானத்தைப் பார்த்து அண்ணாந்திருந்தது. வாய் திறந்திருந்தது. கண் சிமிட்டுகிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை. தானும் இத்தனை வருஷம் இப்படித்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருப்போம் என்று நினைக்கக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

தரையில் கால் பட்டதும் புல்லில் உட்கார்ந்துவிட்டான். அக்கா மகள் ஓடிவந்து அவன் சட்டைப்பையிலிருந்து ஃபியூசை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் மேலே ஆன்டெனா அசைந்தது. இடப்பக்கம், மெல்ல, வளையம் தளர்ந்து கொடுக்க. ஜன்னல் வழியாக இரைச்சல் கேட்டது. பிறகு இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல், தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல, தன் ரேடியோ நிலையத்தின் அடையாள எழுத்துகளைச் சொல்லி, “மேல்மாடி, கேக்குதா?” என்றது.

கூடத்தில் பேச்சு நின்றது. குரல்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன.

“உள்ள போங்க அத்தான். உங்க நாற்காலி காலியா இருக்கு.”

அவர் நகரவில்லை. கயிற்றை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். தம்பி பட்டையைக் கழற்றியாகிவிட்டது. கயிற்றின் மறுமுனை புல்லில் சும்மா கிடந்தது.

“விடுங்க அத்தான். நான் இறங்கிட்டேன்.”

அவர் தன் கைகளைப் பார்த்தார். விரல்களைப் பிரிக்க முயன்றார். அவை பிரியவில்லை.

“நான் அவகிட்ட கேட்டேன் ஒருநாள்,” என்றார். “எப்பப் பாத்தாலும் நீயே ஏறுறியே, அவனை ஒரு தடவை விட்டாத்தான் என்னன்னு.”

அவர் வழக்கப்படி திருப்பி ஏதாவது கேட்பார் என்று தம்பி நினைத்தான். உள்ளே ஒரு பெண் குரல் விடைகொடுத்துவிட்டு விலகியது. அடுத்த குரல் வருவதற்குள் வெறும் இரைச்சல்.

“அவன் மேல நிக்கும்போது என்னால கீழ நிக்க முடியாதுன்னு சொன்னா அவ,” என்றார் அத்தான். “பயமா இருக்குன்னா.”

தம்பி எழுந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகக் கயிற்றிலிருந்து பிரித்துவிடத் தொடங்கினான்.