பன்னிரண்டாம் எண் மீட்டர்

எங்கள் குடும்பத்தை நோக்கி எவரும் விரல் நீட்டிப் பேசியதில்லை. முப்பத்தோரு வருடம் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பரிசோதகராக இருந்தவன் நான். என் வீட்டுக் குழாயில் ஒரு சொட்டு வீணாகப் போக விட்டதில்லை. அப்படிப்பட்ட வீட்டின் எண்ணை, எங்கள் அடுக்ககச் செயலாளர் அறிவிப்புப் பலகையில் சிவப்பு மையில் எழுதினார்: "தண்ணீரை அதிகம் வீணடிக்கும் வீடு – 12."

ஆழ்துளைக் கிணறு வற்றிக் காற்றை இழுக்கத் தொடங்கிய பிறகு, மொட்டை மாடித் தொட்டியடியில் எண் தகட்டோடு வீட்டுக்கு ஒரு மீட்டரும் வால்வும் பொருத்தினார்கள். நல்ல ஏற்பாடு. நானே கை தூக்கி ஆதரித்தேன். ஆனால் தொடர்ந்து மூன்று மாதம் பட்டியலில் எங்கள் எண்தான் முதலில் வந்தது. எங்களுக்கு நேர் மேல் வீடான செயலாளரின் பதினாறு கடைசியில். "முன்மாதிரி வீடு" என்று தன் எண்ணுக்குத் தானே நட்சத்திரம் போட்டுக்கொண்டார்.

லிஃப்டில் அவர் என் மருமகளிடம், "என்னம்மா, வீட்டுக்குள்ள நீச்சல் குளமா கட்டியிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். கூட நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். உடனிருந்த பேத்திதான் என்னிடம் சொன்னாள். அன்றிலிருந்து மருமகள் அரை வாளியில் குளித்தாள். துணி அலசிய தண்ணீரைக் கழிப்பறைக்குச் சுமந்தாள்.

அவள் தங்கைக்குப் பிரசவம் என்று எல்லோரும் மூன்று நாள் வெளியூர் போய் வந்தோம். வந்ததும் மாடி ஏறிப் பார்த்தேன். ஆளில்லாத வீட்டு மீட்டரில் இரண்டாயிரம் லிட்டர் ஓடியிருந்தது. பன்னிரண்டாம் எண் வால்வை மூடிவிட்டு இறங்கி வந்து எங்கள் குழாயைத் திறந்தேன், தண்ணீர் கொட்டியது. மறுபடி ஏறிப் பக்கத்துப் பதினாறை மூடினேன். எங்கள் குழாய் நின்றது. மீட்டர் பொருத்திய பிளம்பர் ஒரு பக்கம் நின்று இந்த இரண்டு குழாய்களையும் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் நின்று எண் தகடுகளை மாட்டியிருக்கிறார். இடது வலதாகிவிட்டது. எங்கள் தலையில் விழுந்ததெல்லாம் செயலாளர் வீட்டுத் தண்ணீர். ஓடிய அளவைப் பார்த்ததுமே அங்கே எங்கோ ஒழுகுகிறது என்பதும் எனக்குப் புரிந்துவிட்டது.

அன்றே சொல்லியிருந்தால் ஒரு "சாரி"யோடு போயிருக்கும். எனக்கு அது போதாது. நாற்பது குடும்பங்களின் முன்னால் அவர் தலை தொங்க வேண்டும். மாதக் கூட்டத்துக்கு இருபது நாள் இருந்தது. இரண்டு வால்வுகளையும் பழையபடி திறந்து வைத்தேன். மகனிடம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை, மொட்டை மாடியில் கூட்டம். செயலாளர் பட்டியலை வாசித்தார். "இந்த மாசமும் பன்னெண்டுதான் ஃபர்ஸ்ட். பெரியவரே, வாரியத்துல இருந்தவர் நீங்க. உங்களுக்கே பாடம் எடுக்கணுமா?"

"எடுங்களேன். உங்க வீட்ல யாராவது இருக்காங்களா?"

"சம்சாரம் துணி துவைக்கிறா. ஏன்?"

"போன் போட்டு ஸ்பீக்கர்ல வைங்க."

"போடுங்க சார், என்னதான்னு பாப்போம்" என்றார் யாரோ. அவர் போட்டார். நான் பன்னிரண்டாம் எண் வால்வை மூடினேன்.

சற்று நேரத்தில் ஸ்பீக்கரில் அவர் மனைவியின் குரல் அலறியது. "என்னங்க, தண்ணி நின்னுபோச்சு! ஃபிளஷ் டேங்க் ஒழுகுது, ஆளைக் கூப்பிடுங்கன்னு மூணு மாசமா கத்துறேன். 'நம்ம மீட்டர்தான் கம்மியா காட்டுதே'ன்னு விட்டுட்டீங்க. இப்ப மொத்தத் தொட்டியும் காலி போல!"

மாடியே சிரித்தது. "முன்மாதிரி வீடு!" என்று ஒருவர் கை தட்டினார்.

"தகடு மாறியிருக்கு, பிளம்பர் பண்ணின தப்பு, பெரியவரே. நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்" என்றார் செயலாளர்.

"பலகையில எழுதினது பிளம்பரா? லிஃப்ட்ல என் மருமகளைக் கேட்டது பிளம்பரா?"

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மருமகளிடம் அவரை அழைத்துப் போய், எல்லோர் காதிலும் விழும்படி மன்னிப்புக் கேட்க வைத்தேன். அவர் தலை நான் நினைத்த அளவுக்கு மேலேயே தொங்கியது.

படி இறங்கும்போது மருமகள் கேட்டாள். "மாமா, இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஊர்லேருந்து வந்த அன்னிக்கே."

அவள் நின்றுவிட்டாள். "இருபது நாளா? ஒழுகறது ஒழுகட்டும்னு விட்டுட்டீங்க. நான் அரை வாளில குளிச்சதையும் பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

"நம்ம வீட்டு மானம்மா."

"அவமானப்பட்டது நான். எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனாள்.

இருபது நாள், நாளுக்கு ஏறக்குறைய எழுநூறு லிட்டர்; அதில் ஒழுகியதே பாதிக்கு மேல் இருக்கும். அந்தக் கணக்கு எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்த மனிதர் குனிந்து நின்றதை நினைத்தால் நெஞ்சு இன்னும் குளிர்கிறது. அவளிடம் மட்டும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.